எரியாத தீக்குச் சாட்சி யார்?

மேட்டுப்பாளையம் வரை கார் ஒழுங்காகத்தான் வந்திருக்கும். கல்லாறு தாண்டி மலைப்பாதை தொடங்கி, கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதுதான் சங்கதி தெரியவரும். வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். மிதித்த மிதிக்கு வேகம் ஏறாது. டேஷ்போர்டில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு சிமிட்டும். "மிஸ்ஸிங் அடிக்குது சார்" என்பார் டிரைவர். குன்னூரில் ஓரமாக நிறுத்தி ஐடிலில் விட்டுப் பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல இன்ஜின் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும்.

சுமை ஏறும்போது மட்டும் தலைகாட்டி, மற்ற நேரத்தில் ஒளிந்துகொள்ளும் கோளாறு இது. அதைத் துரத்திப் பிடிக்கும் விதத்தில் நல்ல இயற்பியல் இருக்கிறது. காரில் அக்கறை இல்லாதவர்களுக்கும் அது ருசிக்கும்.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில், கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றி முடிப்பதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரிந்து தள்ளும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50 சுற்று. நான்கு சிலிண்டரையும் சேர்த்தால் விநாடிக்கு 100 எரிப்புகள், அதாவது பத்து மில்லி விநாடிக்கு ஒன்று. இவற்றில் ஒன்று தவறுவதுதான் மிஸ்ஸிங். காரின் கம்ப்யூட்டர் அதைக் கவனிக்க வேண்டும். எந்த சிலிண்டர் என்றும் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் பெரும்பாலான கார்களில் சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்கும் கருவி எதுவும் கிடையாது.

இருப்பது ஒரு பல்சக்கரம்தான். கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் அந்தச் சக்கரத்தில், பல கார்களில் 60 பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் 58 மட்டும் இருக்கும். வேண்டுமென்றே விட்ட அந்த இரண்டு பல் இடைவெளிதான் ஒரு சுற்று எங்கே தொடங்குகிறது என்பதற்கான குறி. பல்லுக்குப் பல் 6 பாகை. எதிரே அசையாமல் நிற்கும் சென்சாரை ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு எழும். 3,000 சுற்றில், ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மில்லி விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். கம்ப்யூட்டர் அந்த இடைவெளிகளை அளந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

எரிந்த சிலிண்டர் தண்டை உந்துவதால் அடுத்து வரும் பற்கள் சற்று விரைவாகக் கடக்கும். எரியாமல் போனால் உந்தல் இல்லை. வரிசையில் அடுத்த சிலிண்டரின் காற்றை அமுக்குவதற்கு, கையிருப்பில் உள்ள வேகமே கொஞ்சம் செலவாகும். பற்கள் மயிரிழை அளவு தாமதமாக வரும். மூன்று பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்தும்போது ஒருத்தி ஒரு குத்தை விட்டுவிட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரிந்துவிடுவதைப் போலத்தான் இது. எரியும் வரிசை பொதுவாக 1-3-4-2 என்று முன்பே தெரியும். நடப்பது இரண்டு சுற்றில் எந்தச் சுற்று என்பதைக் கேம் ஷாஃப்ட் சென்சார் சொல்லிவிடும். தாமதம் எந்த இடத்தில் வந்தது என்று பார்த்தால், தவறியது மூன்றாவது சிலிண்டர் என்று பெயர் சொல்லியே பிடித்துவிடலாம். பி0303 என்ற குறியீடு பதிவாவது இப்படித்தான்.

சொல்வதற்கு எளிது, செய்வதில் சிக்கல்கள் உண்டு. எந்தத் தொழிற்சாலையிலும் 58 பற்களையும் இம்மி பிசகாமல் வெட்ட முடியாது. பல்லின் பிசகு எது, தீயின் பிசகு எது என்று பிரித்தறிய வேண்டும். அதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி அழகானது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும். எந்த சிலிண்டரும் எரியாமல் சக்கரங்களே இன்ஜினைச் சுற்றவைக்கும் அந்தச் சில விநாடிகளில் தெரியும் ஒழுங்கீனம், பற்களுடையதாகத்தான் இருக்க முடியும். அதை அளந்து மனப்பாடம் செய்துகொண்டு, பிறகு கணக்கிலிருந்து கழித்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் நம் சாலைகள். குழியில் விழுந்து எழும் சக்கரத்தின் உதறல் கியர்பாக்ஸ் வழியாகக் கிராங்க் ஷாஃப்ட் வரை போய்ச் சேரும். பற்களின் நேரம் கலையும். தீ தவறியதற்கும் குழியில் விழுந்ததற்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அதனால் பல கார்களில், பிரேக்குக்காகச் சக்கரத்தில் வைத்த வேக சென்சார்களைக் கேட்டு, பாதை மோசம் என்று தெரிந்தால் கம்ப்யூட்டர் இந்தக் கண்காணிப்பையே கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறது. படுமோசமான சாலையில் இன்ஜின் மிஸ் அடித்தால் அது பதிவாகாமலே போகலாம். சில ஊர்ச் சாலைகளில் இந்த ஏற்பாட்டுக்கு ஓய்வே அதிகம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இந்தக் கண்காணிப்பு கட்டாயமானது. இந்தியாவில் இதைக் கட்டாயமாக்கிய விதிகள் 2013 ஏப்ரலில் வந்தன. சட்டம் போட்டவர்களின் கவலை டிரைவரின் சௌகரியம் அல்ல, புகை. புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய, நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. சிலிண்டரில் எரியாத பெட்ரோலும் ஆக்ஸிஜனும் அப்படியே அங்கே போய்ச் சேர்ந்தால், அங்கே எரியும். சூடு ஏறிக்கொண்டே போய், சுமார் 1,400 டிகிரிக்கு மேல் பீங்கானே உருகத் தொடங்கும். உருகிய கட்டி புகையின் வழியை அடைக்கும். புகை வெளியேறாத இன்ஜினுக்குள் புதுக் காற்றும் நுழையாது. பிளக்கை மாற்றி மிஸ்ஸிங் சரியான பிறகும் பிக்கப் திரும்பவில்லை என்றால் இந்த அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அதனால்தான் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்குத் தவறுகள் நடக்கின்றனவா என்று 200 சுற்றுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறார்கள். 3,000 சுற்று வேகத்தில் அது நான்கே விநாடி. நிலையாக எரியும் மஞ்சள் விளக்கோடு மெக்கானிக்கிடம் போகலாம். சிமிட்டினால் தவறுகள் அந்த அளவை எட்டிவிட்டன என்று பொருள், உடனே காலை லேசாக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் எந்த சிலிண்டர் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. காரணத்தைத் தேடும்போது அது தன்னைத்தானே குழப்பிக்கொள்வதும் உண்டு. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பெட்ரோலைப் பார்க்கத் தெரியாது. ஆக்ஸிஜன் மட்டும்தான் தெரியும். ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் அதன் பெட்ரோலோடு காற்றும் முழுசாக வெளியே வருகிறது. "ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கிறது" என்கிறது சென்சார். அப்படியானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறது, ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த மற்ற மூன்று சிலிண்டர்களுக்கும் சேர்த்து. மைலேஜ் விழும், பின்னால் பெட்ரோல் வாடை அடிக்கும், நல்ல பிளக்குகளிலும் கரி படியும். ஸ்கேனரில் இந்தத் தகவலைப் படித்துவிட்டு ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாவம் சென்சார், அது உண்மையைத்தான் சொன்னது.

இனி மலைக்கு வருவோம். ஏன் ஏற்றத்தில் மட்டும்?

பிளக்கில் பொறியை எழுப்பும் காயில் என்பது ஒரு மின்தூண்டல் கருவி. பேட்டரியின் 12 வோல்ட் மின்னோட்டத்தைச் சில மில்லி விநாடி ஏற்றிவைத்து, சட்டென்று துண்டித்தால் மறுபக்கச் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும். பிளக்கின் முனையில் உள்ள ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை அது தாண்ட வேண்டும். தாண்ட எவ்வளவு வோல்ட் தேவை என்பது இடைவெளியின் நீளத்தை மட்டும் பொறுத்ததல்ல. நடுவே வாயு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷென் 1889-இல் கண்ட விதி இது. ஐடிலில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் கொஞ்சம் காற்றுதான் போகிறது. அமுக்கினாலும் அடர்த்தி குறைவு. பொறி சுலபமாகத் தாண்டும். ஏற்றத்தில் மிதித்தால் சிலிண்டர் நிறையக் காற்று வந்து, பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுங்கும். தேவைப்படும் வோல்ட் பல மடங்காகும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக், உள்ளே விரிசல் கண்ட காயில், பிளக் குழியில் கசிந்த ஆயிலில் ஊறிப்போன ரப்பர் உறை என இவற்றில் எது இருந்தாலும், சமதளத்தில் சமாளித்துக்கொண்டிருந்தது அங்கே கைவிட்டுவிடும். மின்சாரம் சிலிண்டருக்குள் குதிப்பதைவிட, உறையின் விரிசல் வழியே இன்ஜின் உலோகத்துக்குப் பாய்வதே சுலபம் என்று முடிவு செய்துவிடும்.

பிளக்கைக் கழற்றி இன்ஜினில் சாய்த்து வைத்து, "நீலமா பொறி வருது, பிளக் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் பழைய சோதனை இதனால்தான் நம்பகமானதல்ல. திறந்தவெளிக் காற்றில் தாண்டும் பொறி, பத்து மடங்கு அடர்ந்த காற்றில் தாண்டும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இன்றைய காயில்களில் அப்படிச் சோதிப்பது ஆபத்தும்கூட.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத நல்ல காரும் அங்கே கொஞ்சம் தளரும். ஆனால் அந்தத் தளர்ச்சி சீராக இருக்கும், வெட்டாது.

நான்கில் ஒன்று போனால் கால்பங்கு சக்திதான் போக வேண்டும். ஓட்டுபவருக்கு அதைவிட அதிகம் போனதாகத் தோன்றும். அது பிரமை இல்லை. பேச்சுக்கு, நான்கு சிலிண்டரும் சேர்ந்து 40 பங்கு சக்தி உண்டாக்கி, அதில் 10 பங்கு உள்ளே உராய்வுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு மிஞ்சுவது 30. ஒரு சிலிண்டர் செத்தால் 10 போகும். உராய்வு அப்படியே இருக்கும். மிச்சம் 20. மூன்றில் ஒரு பங்கு காணோம். பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ இயந்திரவியல் படித்தவர்களுக்கு ஆய்வகத்தில் செய்த மோர்ஸ் சோதனை நினைவுக்கு வரலாம். ஒவ்வொரு சிலிண்டராக அணைத்து, சுழல்வேகத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றின் பங்கையும் கணக்கிடுவது. பட்டறையில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இன்ஜின் சத்தம் எப்போது மாறவில்லை என்று காது கொடுப்பவர் செய்வதும் அதே சோதனைதான், கணக்கு மட்டும் இல்லை. பிடுங்கியும் மாற்றம் தெரியாத சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யாதது.

ஐடிலில் குலுங்கி, வேகத்தில் சரியாகிவிடும் கோளாறு வேறு ஜாதி. உள்ளிழுக்கும் குழாயில் எங்கோ காற்று கசிகிறது என்பது அங்கே முதல் சந்தேகம். இன்ஜின் கொஞ்சமாகக் காற்று இழுக்கும்போது அந்தக் கசிவு பெரும்பங்கு. நிறைய இழுக்கும்போது அது பொருட்டே இல்லை.

ஏற்றத்தில் வெட்டும் வண்டிக்கு, நல்ல மெக்கானிக் உடனே புதுச் சாமான் வாங்கிவரச் சொல்ல மாட்டார். மூன்றாவது சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் போட்டு, இரண்டாவதன் காயிலை மூன்றாவதற்கு மாற்றுவார். குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றத்தில் ஓட்டுவார். பி0303 இப்போது பி0302 ஆகிவிட்டால் குற்றவாளி காயில். ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துவிட்டது. மூன்றிலேயே நின்றால் அடுத்து பிளக்கை இடம் மாற்றுவார், அதன்பின் இன்ஜெக்டரை. எதைக் கொண்டுபோனாலும் கோளாறு மூன்றை விட்டு நகரவில்லை என்றால், பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைத் திருகுவார். மற்ற மூன்றும் 12 பார் காட்டி இது மட்டும் 6 காட்டினால், துளைக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார். முள் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் அந்த இடுக்கை அடைத்துவிட்டது. ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். வண்டி எப்போது கிடைக்கும் என்று அன்றைக்குக் கேட்டுப் பயனில்லை.