வாக்கி டாக்கி வாங்கப் போகிறீர்களா? முதலில் பெட்டியில் 446 இருக்கிறதா என்று பாருங்கள்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பனியன் கம்பெனிகள் சேர்ந்தாற்போல் நாலைந்து நாள் மூடும்போதுதான் திருப்பூரில் நம் குடும்பங்களுக்கு ஒன்றாக வெளியூர் கிளம்ப நேரம் கிடைக்கிறது. அப்படி ஒரு பொங்கல் விடுமுறையில் அண்ணன், தம்பி, மச்சான் வீடு என்று எல்லோரும் சேர்ந்து மூன்று வேன்களில் வால்பாறைக்குப் போனோம். பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு வரை ஒருவரையொருவர் போனில் கூப்பிட்டுக்கொண்டே போனோம். அதற்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது.

முதல் இரண்டு வேன்களும் அட்டகட்டியில் நின்று காத்திருந்தன. மூன்றாவது வேன் வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. நாற்பது நிமிடம் கழித்து ஒரு வேன் காலியாகத் திரும்பிப் போய்ப் பார்த்தது. டயர் பஞ்சர், ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வேனில் பெரியம்மா இருந்தார். அவருடைய இன்சுலின் பையும் சாப்பாட்டுக் கூடையும் முதல் வேனில் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த நாற்பது நிமிடத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை, ஆளுக்கொரு பக்கம் இணையத்தில் வாக்கி டாக்கி தேடியதுதான். விலை ஆச்சரியப்படும்படி குறைவாகவே இருந்தது. சில ஆயிரம் ரூபாயில் ஒரு ஜோடி கிடைக்கிறது. "10 கிலோமீட்டர் ரேஞ்ச்", "ஐந்து வாட் பவர்" என்றெல்லாம் விளம்பரம். ஆர்டர் போடப் போன நேரத்தில், ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் படத்தை அனுப்பிக் கேட்டோம். அவர் கேட்ட ஒரே கேள்வி: "பெட்டியில் என்ன அலைவரிசை போட்டிருக்கிறது?"

இந்தியாவில் வானொலி அலைகளை அனுப்பும் கருவியை வைத்திருக்கவும் பயன்படுத்தவும் உரிமம் வேண்டும் என்பது பொதுவிதி. இதற்கான கம்பியில்லாத் தந்திச் சட்டம் 1933-லேயே வந்துவிட்டது. குறைந்த சக்தியில் இயங்கும் சில கருவிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2018 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சின்னஞ்சிறு இடத்துக்குள் மட்டுமே பேசும் வாக்கி டாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. இங்கே 'மட்டுமே' என்ற சொல்தான் முக்கியம். 446-லும் பேசும், வேறு அலைவரிசையிலும் பேசும் என்றால் அந்தக் கருவிக்கு விலக்கு கிடையாது.

விளம்பரங்களில் மலிவாகக் கிடைக்கும் செட்டுகளில் பல இந்த இடத்தில்தான் மாட்டுகின்றன. 400 முதல் 470 வரை என்றோ, 136 முதல் 174 வரை, அதோடு 400-க்கு மேல் இன்னொரு பட்டை என்றோ பெட்டியில் போட்டிருக்கும். பாவோஃபெங் யுவி-5ஆர் என்ற பிரபலமான செட் இரண்டாவது வகை. செட் மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. தேர்வெழுதி ஹாம் உரிமம் பெற்றவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையில் அதைத்தான் ஆசையாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உரிமம் இல்லாத ஒரு குடும்பத்தின் கையில் அது சட்டவிரோதக் கருவி. காவல்துறை, தீயணைப்பு, வனத்துறை போன்றவையும் வானொலி அலைவரிசைகளை நம்பித்தான் வேலை செய்கின்றன. நம் வீட்டுப் பிள்ளை விளையாட்டாகப் பட்டனை அமுக்கி அவர்களுடைய பேச்சுக்கு நடுவே புகுந்துவிட்டால், தெரியாமல் செய்தேன் என்ற பதில் எடுபடாது.

2025 மே மாதத்தில் இந்த விஷயம் செய்தியாகவும் வந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எந்த அலைவரிசை, உரிமம் வேண்டுமா வேண்டாமா, அரசின் கருவி ஒப்புதல் இருக்கிறதா என்று எதையும் சொல்லாமல் வாக்கி டாக்கிகளை விற்கிறார்கள் என்பது புகார். அந்த மாத இறுதியிலேயே, இவற்றைப் பட்டியலிடுபவர்கள் அலைவரிசையையும் ஒப்புதல் சான்றையும் கட்டாயம் காட்ட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் வெளியாயின. ஆக, பெரிய தளத்தில் விற்கிறார்கள், பில் கொடுக்கிறார்கள் என்பதால் மட்டும் ஒரு செட் சட்டப்படி சரியானது என்று நம்பிவிட முடியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, நாலு இளைஞர்கள் கையில் நீளமான ஆன்டெனாவோடு வாக்கி டாக்கியைப் பார்த்தால் கேள்வி வரும். யார் வைத்திருந்தாலும் வரும். நம் பிள்ளைகளிடம் சற்று நீளமாகவே வரலாம். அந்த நேரத்தில் 446 என்று அச்சிட்ட பெட்டியின் படம், பில், ஒப்புதல் சான்று எண் மூன்றும் போனில் இருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும்.

அந்த ஒப்புதலுக்கு இ.டி.ஏ என்று பெயர். தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள டபிள்யு.பி.சி என்ற பிரிவு தருகிறது. உரிமம் தேவையில்லாத செட்டுக்கும் இது வேண்டும். இதை வாங்குவது நம் வேலையல்ல, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளருடைய வேலை. நாம் செய்ய வேண்டியது, கடைக்காரரிடம் அந்த மாடலுக்கான சான்றைக் கேட்பது மட்டுமே. "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க பாய்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

பெட்டியைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பி.எம்.ஆர் 446 என்ற எழுத்து இருக்கும். சேனல்கள் 8 அல்லது 16. சக்தி அரை வாட். ஆன்டெனா குட்டையாக, கழற்ற முடியாதபடி உடலோடு சேர்ந்திருக்கும். ஆன்டெனாவைக் கழற்றி நீளமானதை மாட்டலாம், எண்களைத் தட்டி விரும்பிய அலைவரிசைக்குப் போகலாம் என்று இருந்தால் அது வேறு வகை. கம்பெனி செக்யூரிட்டியிடமிருந்து ஒரு நாள் இரவல் வாங்குவதும் வேண்டாம். அந்த செட்டுக்கு உரிமம் இருந்தாலும் அது அந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கும், நம் வேனுக்குப் பொருந்தாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் ஜோடியும் அப்படித்தான். அங்கே குடும்பங்கள் பயன்படுத்தும் செட்டுகள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை.

சரி, அரை வாட்டில் எவ்வளவு தூரம் பேசும்? இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. நடுவில் மலையோ கட்டடமோ வந்தால் திணறும். மைதானத்தில் ஆள் கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை நன்றாகக் கேட்கும். கடைவீதியில் சில நூறு மீட்டர். ஓடும் வேன்களுக்குள் இருந்து பேசினால் தகரக் கூண்டே அலையில் பாதியை விழுங்கிவிடும். நேரான சாலையில் ஒரு கிலோமீட்டர் கிடைத்தால் சந்தோஷப்படலாம். விளம்பரத்தில் வரும் பத்து, இருபது கிலோமீட்டர் எல்லாம் ஒரு மலை உச்சியிலிருந்து எதிர் உச்சிக்குப் பேசும் கணக்கு.

அப்படியானால் வால்பாறையில் எங்களுக்கு இது உதவியிருக்குமா? அட்டகட்டியில் நின்றவர்களுக்கும் பல வளைவுகள் கீழே பஞ்சரான வேனுக்கும் நடுவே மலை நின்றது. அங்கிருந்து பேசியிருக்க முடியாது. ஆனால் பஞ்சரான அந்த நிமிடத்தில் முன் வேன் இரண்டு வளைவுக்கு மேலேதான் இருந்தது. "நிக்கிறோம், நீங்களும் ஓரங்கட்டுங்க" என்ற ஒரு வார்த்தை அப்போது போய்ச் சேர்ந்திருக்கும். வாக்கி டாக்கி தூரத்தைக் கடக்கும் கருவியல்ல, பிரிந்துபோகாமல் சேர்ந்தே போவதற்கான கருவி. இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

"ஊர் எல்லையே இல்லை, இந்தியா முழுக்கப் பேசலாம்" என்று விற்கப்படும் செட்டுகளும் உண்டு. உள்ளே சிம் கார்டு இருக்கும். பட்டனை அமுக்கிப் பேசும் செல்போன்தான் அது. பல்லடத்துக்கும் பெருமாநல்லூருக்கும் சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது வசதி. சிக்னல் இல்லாத மலையில் அதுவும் நம் போனைப் போலத்தான் ஊமையாகும்.

எத்தனை செட் வேண்டும்? வேனுக்கு ஒன்று, இறங்கி நடக்கும்போது பெண்கள், பிள்ளைகள் குழுவிடம் ஒன்று. மூன்று வேனுக்கு நான்கு செட். எல்லாவற்றையும் ஒரே மாடலாக வாங்கினால் தலைவலி குறைவு. வேறு வேறு கம்பெனி என்றாலும் 446 செட்டுகள் ஒன்றோடொன்று பேசும். சேனலும் டோன் எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த டோனைச் சில பெட்டிகளில் 'ரகசியக் கோடு' என்று போட்டிருப்பார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. மற்றவர் பேச்சு நம் செட்டில் கேட்காமல் தடுக்கும், அவ்வளவே. நாம் பேசுவதை அதே சேனலில் இருக்கும் யாரும் கேட்கலாம். எனவே பெண் பிள்ளைகளின் பெயர், தங்கும் அறை எண், போன் நம்பர் எதையும் இதில் சொல்ல வேண்டாம். "ஒண்ணாம் வண்டி", "ரெண்டாம் வண்டி" என்று கூப்பிட்டாலே போதும்.

சார்ஜர் விஷயத்தில் ஒரு ஆலோசனை. தனித் தொட்டிலில் வைத்து மட்டுமே ஏற்றக்கூடிய செட்டை விட, போனுக்கு உள்ள அதே சி டைப் வயரில் ஏறும் செட் பயணத்துக்கு நல்லது. பவர் பேங்க்கிலேயே ஏற்றிக்கொள்ளலாம். 'வாக்ஸ்' என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். குரல் கேட்டதும் தானாகவே ஒலிபரப்பும் வசதி அது. எங்கள் வேன் போல எட்டுப் பிள்ளைகள் உள்ள வண்டியில் அதைப் போட்டுவிட்டால் வழியெல்லாம் அவர்களுடைய சண்டைதான் எல்லோருக்கும் கேட்கும். கீ லாக்கைப் போட்டுவைத்தால் சேனல் தானாக மாறாது.

பேசும் முறையை வீட்டு வாசலிலேயே ஒருமுறை பழகிவிடுங்கள். பட்டனை அமுக்கியதும் பேசக்கூடாது. ஒரு நொடி விட்டுப் பேச வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் விழுங்கப்படும். வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்தால் போதும், கத்த வேண்டியதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேச முடியாது என்பதால் முடித்ததும் "ஓவர்" சொல்வது அவசியம். "ரெண்டாம் வண்டி, லுஹருக்கு எங்க நிறுத்தறீங்க மாமு, ஓவர்" என்று எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பையன் கூட இப்போது சரியாகக் கேட்கிறான். செட் டிரைவர் கையில் இருக்கக் கூடாது. பக்கத்தில் உட்காருபவர்தான் பேச வேண்டும்.

ஒரே வேனில் போகிறவர்கள் இதை வாங்கவே வேண்டாம். கோவை, ஈரோடு என்று சிக்னல் உள்ள வழியில் போகிறவர்களுக்கும் போன் போதும்.

உம்ராவுக்கு எடுத்துப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 446 விலக்கு இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் விதி. ஒவ்வொரு நாட்டுக்கும் அலைவரிசை விதி வேறு. அழைத்துச் செல்லும் டிராவல்ஸ்காரரிடம் அந்த நாட்டு அனுமதி பற்றி எழுத்தில் பதில் வாங்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் துரையா போன்ற சாட்டிலைட் போனை இங்கே கொண்டுவருவது இதைவிடப் பெரிய சிக்கல். அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பதே குற்றம்.

அடுத்த விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், மறுபடி வால்பாறைதான். நான்கு செட் தயார். ஆழியாறில் எல்லா வண்டியும் நின்று ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டு ஏறுவது, பின் வண்டியின் குரல் கரகரக்க ஆரம்பித்ததும் முன் வண்டி நின்றுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இன்சுலின் பை இந்த முறை பெரியம்மா மடியிலேயே இருக்கும்.