சீறும் பாம்பு சொல்வது

திருச்செங்கோட்டு மலைப்படிகளில் ஏறுவோர், பாறையில் செதுக்கிய 60 அடி நாகத்துக்குக் குங்குமம் இட்டு வணங்குவர். அந்நாகம் சீறுவதில்லை. அடிவாரத்து நிலக்கடலைக் காட்டில் வாழும் நாகமோ நம்மைக் கண்டதும் படமெடுத்துச் சீறுகிறது. அதனைச் சினம் என்கிறோம். மாணவர்களே, அது பெரும்பாலும் அச்சம்!

பாம்பின் நுரையீரல் நீண்டதொரு பை போன்றது. அதில் நிறைந்த காற்றைக் குரல்வளையின் குறுகிய வாயில் வழியே விசையுடன் வெளியேற்றுங்கால் பிறப்பதே சீற்றம். கண்ணாடி விரியனின் சீற்றம் குக்கரின் ஆவியோசையை ஒக்கும். சுருட்டை விரியனோ, உடலை மடித்துப் பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி, வாளால் மரம் அறுப்பது போன்ற ஓசை எழுப்பும். நஞ்சு இரை கொள்வதற்கான கருவி. அதனை வீணாக்காமல் பகையை விலக்கவே இத்தனை ஆரவாரமும்.

நான் ஆசிரியனாக இருந்தபோது, மாணவன் ஒருவன் சாரைக்குட்டி ஒன்றைப் பானையில் வைத்து வளர்த்தான். முதல் வாரம் சீறிற்று, பின்னர் அடங்கிற்று. "என்னிடம் பழகிவிட்டது, ஐயா" என்றான். சில நாளில் அது தோலுரிக்கும் பருவம் எய்தியது. அப்போது பாம்பின் கண் மங்கும்; எளிதில் மிரளும். அவன் கையை நீட்டினான், கடித்துவிட்டது. சாரைக்கு நஞ்சில்லை; பையன் பிழைத்தான். நாயைப்போல் வளர்ப்பவனிடம் அன்பு கொள்வது பாம்பின் இயல்பன்று. அதன் அச்சம் குறைவதையே பழக்கமென்று மயங்குகிறோம்.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. இதனை அவனுக்கு எடுத்துரைத்தேன். அன்று மாலையே இருவரும் பானையை ஏரிக்கரைக்குக் கொண்டு சென்று திறந்தோம். புதருள் நுழையுமுன் அது எங்களை நோக்கி ஒருமுறை சீறிற்று.