ஏலக்காய் குடோனுக்கு எந்த அலாரம்?

2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புத்தடியில் நடந்த ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த உச்ச விலையில் 50 கிலோ மூட்டை ஒன்றின் மதிப்பு மூன்றரை லட்சம் ரூபாய். ஒரே ஆள் தூக்கிக் கொண்டு போய்விடக் கூடிய சரக்கு இது. அதிலும் குடோனில் இருப்பது வியாபாரியின் சொந்தச் சரக்கு மட்டுமல்ல. விவசாயிகள் நம்பி ஒப்படைத்ததும் இருக்கும்.

போடிநாயக்கனூரில் குடோனும் மலைச்சரிவில் ஸ்டோரும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "எந்த பர்க்ளர் அலாரம் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அலாரமும் ஒரு கம்ப்யூட்டர்தான்

கீபோர்டு, சிபியு, ஸ்பீக்கர் என்று கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்க்கிறோம் அல்லவா? அலாரத்தில் சென்சார்தான் இன்புட். கண்ட்ரோல் பேனல்தான் சிபியு. சைரனும் போன் அழைப்பும் அவுட்புட். அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853-ல் மின்சார அலாரத்திற்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மணி அடிக்கும் என்ற அதே அடிப்படையில்தான் இன்றைய மேக்னட் சென்சாரும் இயங்குகிறது.

சென்சார் எங்கே, எது?

கதவு, ஷட்டர், ஜன்னலுக்கு மேக்னட் சென்சார் போதும். விலையும் குறைவு. ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்குபவனை அது கண்டுபிடிக்காது. அதற்கு பிஐஆர் எனப்படும் அசைவு சென்சார் வேண்டும். இது உடல் வெப்பம் நகர்வதை உணர்கிறது. ஆகவே அறையின் சூடு உடல் சூட்டை நெருங்கினால் இதன் திறன் குறையும். தகரக் கூரை உள்ள குடோனில் கோடையில் இதைக் கவனியுங்கள். ஏலக்காய் உலர்த்தும் அறையில் பிஐஆர் வேண்டாம். அங்கே சூடான காற்று அசைந்தாலே தவறாக அலறக் கூடும். அந்த அறைக்குக் கதவு சென்சாரே நல்லது.

தவறாக அலறுவதைச் சிறு தொந்தரவு என்று விட்டுவிடாதீர்கள். நாலு நாள் வீணாகக் கத்தினால் ஐந்தாம் நாள் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நீங்களே ஆஃப் செய்து விடுவீர்கள்.

கரண்ட் போனால்?

பேனலுக்குள் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால், கருவி 0.2 ஆம்பியர் எடுக்கும்போது கணக்குப்படி 35 மணி நேரம் வரும், நடைமுறையில் குறையும். மலையில் இடி, மின்னல் அதிகம். எர்த்திங்கும் சர்ஜ் ப்ரொடெக்டரும் அவசியம்.

யார் வருவார்கள்?

முக்கியமான கேள்வி இதுதான். போடி பஜாரில் சைரன் அடித்தால் பத்துப் பேர் கூடுவார்கள். மலைச்சரிவில் யார் காதிலும் விழாது. அங்கே சிம் கார்டு போட்டு, போனுக்கு அழைக்கும் மாடல்தான் தேவை. வாங்கும் முன் எந்தக் கம்பெனி சிக்னல் ஸ்டோருக்குள் கிடைக்கிறது என்று உங்கள் மொபைலை வைத்தே சோதியுங்கள். கருவி 2ஜியா, 4ஜியா என்றும் கேளுங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது. பழைய 2ஜி கருவியில் அந்த சிம் வேலை செய்யாது.

அழைப்புப் பட்டியலில் முதல் நம்பர் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் மலை ஏறி வருவதற்குள் திருடன் இறங்கி விடுவான். பத்து நிமிடத்தில் அங்கே போய்ச் சேரக் கூடிய நம்பகமானவரின் நம்பரை முதலில் பதியுங்கள். அவர் தனியாக உள்ளே நுழையாமல், ஆட்களைக் கூட்டிக் கொண்டு 112-க்குச் சொல்ல வேண்டும் என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

கருவியோடு வரும் 1234 போன்ற பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். மாதம் ஒருமுறை மெயினை ஆஃப் செய்து, கதவைத் திறந்து சோதியுங்கள். சைரன் அடித்து, போனும் வந்தால்தான் நீங்கள் கொடுத்த பணத்திற்குப் பலன்.