அளிப்பு நெகிழ்ச்சியும் காலமும்: தமிழகத் தோட்டக்கலைப் பயிர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விலை உயரும்போது விற்பனைக்கு வரும் அளவும் உயரும் என்பது அளிப்பு விதி. அது எவ்வளவு உயரும் என்பதை அளப்பது அளிப்பு நெகிழ்ச்சி. தக்காளி, சின்ன வெங்காயம், தென்னை ஆகிய பயிர்களின்வழி, இந்நெகிழ்ச்சியைத் தீர்மானிப்பதில் காலம் பெறும் இடத்தையும், அது உழவர் வருவாயைப் பாதிக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அளிப்பு, அளிப்பு நெகிழ்ச்சி, அங்காடிக் காலம், குறுங்காலம், நெடுங்காலம், சிலந்திவலைத் தேற்றம்.

முன்னுரை

அன்றாட வழக்கில் இருப்பும் அளிப்பும் ஒன்றாகவே கருதப்படுகின்றன. பொருளியலில் இவை வேறுவேறு. கிடங்கில் உள்ள மொத்த அளவு இருப்பு. அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட விலைக்கு விற்க முன்வரும் அளவே அளிப்பு. பிற காரணிகள் மாறாதிருக்க, விலை ஏறினால் அளிப்பு விரியும், இறங்கினால் சுருங்கும். இவ்விதி மாற்றத்தின் திசையை மட்டுமே கூறுகிறது, அளவைக் கூறுவதில்லை.

நெகிழ்ச்சியின் அளவீடு

அளிப்பில் ஏற்படும் விழுக்காட்டு மாற்றத்தை விலையில் ஏற்படும் விழுக்காட்டு மாற்றத்தால் வகுத்தால் கிடைப்பது அளிப்பு நெகிழ்ச்சி. ஒரு கிலோ தக்காளியின் விலை 20 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக, அதாவது 50 விழுக்காடு உயர்கிறது எனக் கொள்ளலாம். அவ்வாரத்தில் சந்தை வரத்து 100 டன்னிலிருந்து 110 டன்னாக மட்டுமே உயர்ந்தால் நெகிழ்ச்சி 0.2. அதே விலை நீடித்து, அடுத்த சாகுபடியில் வரத்து 175 டன்னாக உயர்ந்தால் நெகிழ்ச்சி 1.5. பயிரும் ஒன்று, விலையும் ஒன்று. வேறுபட்டது காலம் மட்டுமே. ஆகவே, காலத்தைச் சுட்டாமல் ஒரு பொருளின் அளிப்பு நெகிழ்ச்சி மிக்கது அல்லது குறைந்தது என்று கூறுவது பொருளற்றதாகிறது.

காலமும் பயிர்களும்

ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட ‘பொருளியல் கோட்பாடுகள்’ நூலில் மீன்பிடித் தொழிலை எடுத்துக்காட்டிக் காலத்தின் பங்கினை விளக்கினார். அவர்வழி வந்த அங்காடிக் காலம், குறுங்காலம், நெடுங்காலம் என்னும் பகுப்பைத் தமிழக வேளாண்மையிலும் தெளிவாகக் காணலாம்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காலையில் வந்திறங்கிய தக்காளியே அன்றைய அளிப்பு. விலை இரட்டித்தாலும் அன்றே கூடுதலாக விளைவிக்க இயலாது. விலை சரிந்தாலும் பழுத்ததைப் பல நாள் வைத்திருக்க இயலாது. இந்நிலையில் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது தேவையே. பறிகூலிக்கும் கட்டாத விலை வரும்போது பழங்கள் செடியிலேயே விடப்படுகின்றன.

சின்ன வெங்காயத்தின் நிலை சற்று வேறு. காற்றோட்டமான பட்டறைகளில் சில மாதங்கள் இருப்பு வைக்க இயலுமாதலால், விலைக்கேற்ப விற்பனையைக் கூட்டவும் குறைக்கவும் உழவருக்கு ஓரளவு இடமுண்டு. எனினும், காயையே விதையாக ஊன்றும் முறையில் விலையேற்றம் விதைச் செலவையும் உடன் உயர்த்துகிறது. அளிப்பைப் பெருக்கத் தூண்டும் விலையே அதற்குத் தடையாகவும் அமைகிறது.

நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஏறத்தாழ 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். இன்றைய தேங்காய் விலையைக் கண்டு நடப்படும் கன்று, அறியவியலாத ஒரு விலைக்கே காய்க்கும். விலை வீழ்ந்தாலும், பல்லாண்டு பலன் தரும் மரத்தை எவரும் எளிதில் வெட்டுவதில்லை. எனவே குறுங்காலத்தில் இதன் அளிப்பு இரு திசையிலும் நெகிழ்ச்சி குறைந்தது.

காலத் தாழ்வும் உழவர் இழப்பும்

விதைக்கும்போது உழவர் காண்பது ஒரு விலை. அறுவடையின்போது பெறுவது மற்றொரு விலை. உயர்விலை கண்டு பலரும் ஒரே பயிரை நாடினால், விளைச்சல் ஒருசேர வந்து விலை வீழ்கிறது. அவ்வீழ்ச்சி அடுத்த சாகுபடிப் பரப்பைக் குறைத்து, மீண்டும் விலையேற்றத்திற்கு வழிவகுக்கிறது. இச்சுழற்சிக்கு நிகோலஸ் கால்டோர் 1934-இல் சிலந்திவலைத் தேற்றம் எனப் பெயரிட்டார். தேவையின் நெகிழ்ச்சியைவிட அளிப்பின் நெகிழ்ச்சி மிகும்போது ஏற்ற இறக்கம் தணியாமல் விரிவடைகிறது என்பது இதன் முக்கிய முடிவு. விலை ஏறினாலும் பெரிதும் குறையாத தேவையுடைய அன்றாடக் காய்கறிகளுக்கு இம்முடிவு மிகவும் பொருந்தும்.

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோவுக்கு 100 ரூபாயைக் கடந்தபோது, தமிழக அரசு சென்னையின் நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. செப்டம்பருக்குள் புதிய வரத்தால் விலை பெரிதும் சரிந்தது. உயர்விலைக் காலத்தில் நுகர்வோருக்குத் துணை கிட்டியது. சரிவின்போது தாங்கிப் பிடிக்க, தக்காளிக்கு ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை இல்லை. நாள்பட வைக்கத்தக்க கொப்பரைக்கு அவ்விலை உண்டு என்பது ஒப்புநோக்கத்தக்கது.

முடிவுரை

அளிப்பு நெகிழ்ச்சி என்பது பொருளின் மாறாப் பண்பு அன்று. பயிரின் வயது, அழுகும் தன்மை, சேமிப்பு வசதி ஆகியவற்றோடு காலம் இணைந்து உருவாக்கும் பண்பு. விதைப்புக் காலத்தைப் பிரித்தமைத்தல், பட்டறைகளையும் குளிர்பதனக் கிடங்குகளையும் பெருக்குதல், விளைபொருளைப் பதப்படுத்துதல் ஆகியன விற்கும் நேரத்தைத் தெரிவு செய்யும் வாய்ப்பை உழவருக்கு அளிக்கும். அவ்வாய்ப்பு இல்லாதவரை, விலையேற்றச் செய்தி உழவருக்கு வருவாயின் அறிகுறியாக மட்டுமன்றி, அடுத்த சரிவின் முன்னறிவிப்பாகவும் அமையும்.