ஒரு வரியில் ஒரு கிராமம்

பத்து வருஷத்துக்கு ஒரு முறை தலை எண்ணுவது நம் தேசத்தில் வழக்கமாய் இருந்து வருகிறது. எண்ணி முடிந்ததும் ஜில்லாவுக்கு ஒன்றாகத் தடித்த புத்தகங்கள் வெளியாகின்றன. அவற்றில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரி உண்டு. வீடுகள் எத்தனை, ஜனங்கள் எத்தனை, பஸ் வருகிறதா, ரயில் நிற்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். பஸ் வராத ஊராயிருந்தால், 2011-ஆம் வருஷத்துப் புத்தகத்தில் ஓர் எழுத்தைக் காணலாம். ‘ஏ’ என்றால் பஸ் 5 கிலோ மீட்டருக்குள் கிடைக்கும். ‘பி’ என்றால் 5 முதல் 10. ‘சி’ என்றால் 10-க்கும் மேல்.

பட்டணத்தில் இருக்கும் நாம் அந்த ‘சி’யைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இமயமலைச் சரிவில் பிரசவ வேதனைப்படும் ஒரு பெண்ணுக்கோ அது உயிர்ப் பிரச்னை. அவளை டோலியில் வைத்து, ஆட்கள் மாற்றி மாற்றிச் சுமந்து, ஒற்றையடிப் பாதையில் இறங்கி வரவேண்டும்.

அப்படியானால் ரஸ்தா போடக் கூடாதா என்று கேட்கலாம். போடத்தான் செய்கிறார்கள். 2000-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி தொடங்கிய பிரதம மந்திரியின் கிராமச் சாலைத் திட்டம் பல ஆயிரம் ஊர்களுக்கு நல்ல சாலை கொடுத்திருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. சமவெளியில் குடியிருப்புக்கு 500 பேராவது இருக்கவேண்டும். மலைநாட்டில் 250 பேர். 2024-ல் அங்கீகாரம் பெற்ற நான்காம் கட்டத்திலும் இதே அளவுதான். சில விசேஷப் பிரதேசங்களுக்கு மட்டும் சலுகை உண்டு. தலைக்கணக்கோ 2011-ல் எடுத்தது. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப் போய்விட்டது.

மலைமேல் 240 பேர் வசிக்கும் ஊரின் கதி என்ன? காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கும் காலத்தில் ஊர் சும்மா இருப்பதில்லை. படிப்புக்கென்று பிள்ளைகள் போகிறார்கள். உத்தியோகத்துக்கென்று தகப்பன் போகிறான். கடைசியில் கதவைப் பூட்டிக்கொண்டு குடும்பமே இறங்கிவிடுகிறது. அடுத்த கணக்கில் 240 என்பது 150 ஆகிறது. “பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்” என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஜனம் இருந்தால்தான் ரஸ்தா. ரஸ்தா வந்தால்தான் ஜனம் தங்கும்!

இது வெறும் கற்பனை அன்று. உத்தராகண்ட் ராஜ்யத்தின் ஜனத்தொகை 2001-க்கும் 2011-க்கும் இடையே நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் பெருகிற்று. அதே பத்து வருஷத்தில் அங்குள்ள பௌரி ஜில்லாவில் 6,97,078 பேர் 6,87,271 ஆகவும், அல்மோரா ஜில்லாவில் 6,30,567 பேர் 6,22,506 ஆகவும் குறைந்தார்கள். 2011-க்குப் பிறகு மேலும் 734 கிராமங்கள் அடியோடு காலியாகிவிட்டன என்று அந்த ராஜ்யம் நியமித்த கமிஷன் 2018-ல் தெரிவித்தது.

சாலை ஒன்றே சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்லவில்லை. ஊரை விட்டுப் போனவர்களில் பாதிப் பேர் பிழைப்புக்காகவே போனதாக அதே கமிஷன் கூறுகிறது. வந்த சாலையிலேயே ஏறிப் போய்விடுகிறவர்களும் உண்டு. ஆயினும், விளைந்த உருளைக்கிழங்கைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லாத ஊரில் பிழைப்பு எங்கிருந்து வரும்? வைத்தியர் எப்படி வருவார்? வாத்தியார் ஏன் தங்குவார்?

ஆகையால் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சாலை போடத் திட்டமிடும் அதிகாரிகள் அந்தப் புத்தகத்தில் ஜனத்தொகையை மட்டும் பார்த்து நிறுத்திவிடவேண்டாம். அதே வரியில், இன்னும் கொஞ்சம் தள்ளி, ‘சி’ என்ற எழுத்தும் இருக்கிறது. அதையும் பார்த்து முடிவு செய்யட்டும். அடுத்த கணக்கெடுக்கும் குமாஸ்தா மலையேறிப் போகும்போது, எண்ணுவதற்கு அங்கே ஆள் இருக்கவேண்டும் அல்லவா?