கைத்துப்பாக்கி தடையின்றி இயங்குவது எவ்வாறு?

செகந்திராபாத்தைச் சேர்ந்த மாரெட்பள்ளி, கண்டோன்மென்ட் பகுதியை அடுத்து அமைந்துள்ளது. கிழக்கு மாரெட்பள்ளி, மேற்கு மாரெட்பள்ளி என இரு பிரிவாக வழங்கும் இப்பகுதியில் ஓய்வுபெற்ற படைவீரர்களும், ரயில்வே ஊழியர்களும், பல காலத்துக்கு முன்பே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றனர். இதற்கு வடக்கே திருமலகிரிப் பக்கத்தில் ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆயுதங்களைப் பழுது பார்த்துச் செம்மையாக வைத்திருப்பதைத் தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்ட இப்படைப்பிரிவு 1943 அக்டோபர் 15ஆம் நாள் தோன்றியது.

ஆயுதத்தைப் பேணுவது படைவீரருக்கு மட்டும் உரிய கவலையன்று. காவலர், வங்கிக் காவலாளி, உரிமம் பெற்ற குடிமகன் ஆகியோரிடமும் சிறிய கைத்துப்பாக்கிகள் உள்ளன. தேர்தல் காலங்களில் உரிமதாரர்கள் தம் ஆயுதங்களைக் காவல் நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கும்படி பணிக்கப்படுவதுண்டு. தெலங்கானாவில் 2023 நவம்பரில் சட்டமன்றத் தேர்தலும், 2024 மே மாதத்தில் மக்களவைத் தேர்தலும் நடைபெற்றன. இவ்வாறு வாரக் கணக்கில் உறைக்குள் கிடந்த துப்பாக்கி, மழைக்காலத்தில் வெளியே எடுக்கப்படும்போது முதல் தோட்டாவை வெடித்துவிட்டு, இரண்டாவது தோட்டாவை ஏற்றாமல் நின்றுவிடுவது அரிதன்று. உயிரைக் காக்க வைத்திருந்த கருவி, வேண்டிய கணத்தில் பயன்படாமற் போகிறது. பாதி ஏறிய தோட்டாவுடன் நிற்கும் துப்பாக்கி அதை ஏந்தியவருக்கும் அருகில் நிற்பவருக்கும் ஆபத்தானது. ஆகையால் இத்தடையின் காரணங்களை அறிதல் அவசியமாகும்.

இயக்கத்தின் நிலைகள்

தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி ஒரு சிறிய வெப்ப யந்திரம். இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங் ஆவார். 7.65 மி.மீ. தோட்டாவுக்கென அவர் அமைத்த துப்பாக்கி 1900ஆம் ஆண்டு மாதிரி என வழங்குகிறது. நம் நாட்டில் .32 என்று குறிக்கப்படும் தோட்டா இதுவே. அவர் தொடங்கிய மற்றொரு அமைப்பை, 1926இல் அவர் மறைந்த பின்னர், பெல்ஜியத்தைச் சேர்ந்த தியூதொனே செவ் 1935இல் நிறைவு செய்தார். அதன் வழி வந்ததே இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்டு நம் படைகளில் பரவிய 9 மி.மீ. 1ஏ கைத்துப்பாக்கி.

விசையை அழுத்தியதும் ஊசி பிரைமரைத் தாக்குகிறது, வெடிமருந்து எரிகிறது, குண்டு முன்னே பாய்கிறது. அதே சமயம் ஸ்லைடு என்னும் மேற்கட்டை பின்னோக்கி ஓடுகிறது. ஓடும்போது எக்ஸ்ட்ராக்டர் என்னும் கொக்கி வெற்றுக் கூட்டைத் தோட்டா அறையிலிருந்து உருவுகிறது. எஜெக்டர் என்னும் முனை அக்கூட்டை வெளியே தட்டிவிடுகிறது. ஸ்லைடு பின் எல்லையை அடைந்ததும், அமுங்கிய சுருள்வில் அதை மீண்டும் முன்னே தள்ளுகிறது. முன்னேறும் ஸ்லைடு மாகஸினின் மேல் தோட்டாவை எடுத்து அறைக்குள் செலுத்தி மூடுகிறது. இவை யாவும் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த காலத்தில் முடிகின்றன. இந்நிலைகளுள் எது தவறியது என்று கண்டுகொண்டால் பழுதின் பாதியைக் கண்டவராவோம்.

உந்தக் கணக்கு

8 கிராம் எடையுள்ள 9 மி.மீ. குண்டு விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். அதன் உந்தம் 0.008 × 350, அதாவது 2.8 அலகு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இதே அளவு உந்தம் எதிர்த்திசையிலும் உண்டாகும். ஸ்லைடும் அதனுடன் நகரும் உறுப்புகளும் 400 கிராம் எனின், அவற்றின் வேகம் விநாடிக்கு 7 மீட்டர் ஆகிறது. வெடிவாயுவின் பங்கும் உராய்வும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. இந்த ஓட்டத்தில் அடங்கிய சக்தி ஏறக்குறைய 10 ஜூல். கூட்டை உருவுதல், சுத்தியலை மடக்குதல், சுருள்வில்லை அமுக்குதல் ஆகிய எல்லாம் இச்சிறு தொகையிலிருந்தே நடைபெற வேண்டும்.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. துப்பாக்கியின் கீழ்ச்சட்டம் கையில் உறுதியாக நின்றால் மட்டுமே இத்தொகை முழுவதும் சுருள்வில்லுக்குக் கிடைக்கும். சட்டமும் 400 கிராம் எடையினதாக இருந்து, அது சிறிதும் பிடிப்பின்றி விடப்பட்டால், சட்டமும் ஸ்லைடுடன் சேர்ந்து பின்னே நகரும். வில்லை அமுக்கக் கிடைக்கும் சக்தி பாதியாகிவிடும். மணிக்கட்டு தளர்ந்தவர் கையில் நல்ல துப்பாக்கியும் தடைப்படுவதற்குக் காரணம் இதுவே.

உருவம் சிறுத்தால் நேர்வது

உடையினுள் மறைத்து எடுத்துச் செல்லும் வகைகளில் குழலும் ஸ்லைடும் குறுகியவை. க்ளாக் 17 வகையின் குழல் 114 மி.மீ.; அதன் சிறிய வடிவமான க்ளாக் 19இன் குழல் 102 மி.மீ.; அதனினும் சிறிய 26இல் 87 மி.மீ. மட்டுமே. தோட்டாவோ மாறவில்லை. எடை குறைந்த ஸ்லைடு அதிக வேகத்தில் ஓடும். அதைத் தாங்க வலிய சுருள்வில் வேண்டும். ஓட்டத் தூரமும் குறைவு. ஆதலால் ஸ்லைடு பின்னே சென்று திரும்புவதற்குள் அடுத்த தோட்டாவை மேலே உயர்த்த மாகஸின் வில்லுக்குக் கிடைக்கும் காலம் மிகச் சுருங்குகிறது. பிடியும் சிறிதாகையால் கை முழுவதும் பற்றுவதற்கு இடமில்லை. பெரிய துப்பாக்கி பொறுத்துக்கொள்ளும் சிறு அழுக்கையும் தளர்ச்சியையும் சிறிய துப்பாக்கி பொறுப்பதில்லை.

தடைகளும் அவற்றின் காரணங்களும்

1. தோட்டாவின் முனை அறையின் வாயிலில் முட்டி நிற்றல். மாகஸினின் மேல் உதடுகள் வளைந்திருக்கலாம். அதன் வில் சோர்ந்திருக்கலாம். மாகஸின் முழுவதும் பூட்டப்படாமலும் இருக்கலாம்.

2. ஸ்லைடு சில மில்லிமீட்டர் குறைவாக மூடி நிற்றல். அறையில் கரி, தடித்துப்போன எண்ணெய், சோர்ந்த முன்தள்ளு வில் ஆகியவை இதற்குக் காரணம். ஸ்லைடைக் கையால் தாங்கி மெதுவாக விடும் பழக்கத்தாலும் இது நேரும்.

3. வெற்றுக் கூடு அறையிலேயே தங்க, அதன் பின்னே புதுத் தோட்டா வந்து முட்டுதல். எக்ஸ்ட்ராக்டர் கொக்கி உடைந்திருக்கலாம், அல்லது அதன் அடியில் அழுக்கு அடைந்திருக்கலாம்.

4. வெற்றுக் கூடு வெளியேறும் வாயிலில் புகைபோக்கி போல் செங்குத்தாகச் சிக்கி நிற்றல். தளர்ந்த பிடி, வீரியம் குன்றிய தோட்டா, மிகுதியான அழுக்கு ஆகியவற்றால் ஸ்லைடின் ஓட்டம் குறைந்துவிட்டதை இது காட்டும்.

5. ஊசி தாக்கியும் வெடியாமை. எண்ணெய் பட்டுக் கெட்ட பிரைமர், ஊசிப்புழையில் அழுக்கு, சோர்ந்த ஊசி வில் ஆகியவற்றை ஆராய வேண்டும். பயிற்சித் திடலில் இவ்வாறு நேர்ந்தால், குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்த பின்னரே தோட்டாவை நீக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

இவற்றினும் கொடியது வேறொன்று. வெடியொலி வழக்கத்தினும் மெலிந்து கேட்டால் குண்டு குழலினுள்ளேயே தங்கியிருக்கக்கூடும். அடுத்த தோட்டாவை வெடித்தால் குழல் பிளந்துவிடும். ஆகையால் உடனே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழலை ஆராய வேண்டும்.

பழுதைத் தேடும் முறை

தடை நேர்ந்ததும் சுருள்வில்லை மாற்றுவதும், உறுப்பை அரத்தால் தேய்ப்பதும் விஞ்ஞான முறையன்று. துப்பாக்கி, மாகஸின், தோட்டா, சுடுபவர் என்னும் நான்கும் ஐயத்துக்குரியவை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற மூன்றையும் அப்படியே வைக்க வேண்டும். மாகஸின்களுக்கு 1, 2, 3 என எண்ணிட்டு, எந்த மாகஸினில், எத்தனையாவது தோட்டாவில், எவ்வகைத் தடை நேர்ந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். தடை எப்போதும் 2ஆம் மாகஸினுடனேயே வருமாயின் துப்பாக்கி குற்றமற்றது. பெட்டி மாறியதும் தடை நீங்கினால் தோட்டாவே காரணம். வேறொருவர் கையில் நன்கு இயங்கினால் பிடியைத் திருத்த வேண்டும். இம்மூன்றும் பொருந்தாதபோதே துப்பாக்கியைச் சந்தேகிக்க வேண்டும்.

சுத்தம் செய்தல்

துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது நேரும் விபத்துகள், காலி என்று எண்ணப்பட்ட துப்பாக்கியாலேயே நேருகின்றன. காலி செய்யும் முறையில் வரிசை முக்கியம். முதலில் மாகஸினை நீக்க வேண்டும். அதன் பின்னரே ஸ்லைடை இழுத்து அறையிலுள்ள தோட்டாவை வெளியேற்ற வேண்டும். வரிசை மாறினால், ஒரு தோட்டா வெளியேற, மாகஸினிலிருந்து மற்றொன்று அறைக்குள் ஏறிவிடும். பின்னர் அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்ய வேண்டும். பிரௌனிங் வழிவந்த 1935 மாதிரியில் மாகஸினை நீக்கினால் விசை இயங்காதபடி ஒரு காப்பு உண்டு. இக்காப்பு இல்லாத துப்பாக்கிகள் பல. ஒரு வகையில் பழகியவர் மற்றொரு வகையிலும் அப்படியே என்று நம்புவது உயிருக்கு உலை வைக்கும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டே துப்பாக்கியைப் பிரிக்க வேண்டும்.

குழலை அறைப்பக்கத்திலிருந்து பிரஷ் செலுத்தித் துடைக்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியையும், ஸ்லைடு ஓடும் தடங்களையும் கரியின்றித் துடைத்து, தடங்களிலும் குழலின் மேற்புறத்திலும் ஒவ்வொரு துளி எண்ணெய் இட்டால் போதும். ஊசிப்புழையிலும், மாகஸினுள்ளும், தோட்டாக்கள் மீதும் எண்ணெய் கூடாது. பழைய தோட்டாக்கள் சிலவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் தங்கும் பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்பைப் போல் ஈரத்தை ஈர்த்து எஃகை அரிக்கும். இவ்வுப்பை எண்ணெய் கரைக்காது, நீரே கரைக்கும். ஆகவே அத்தகைய தோட்டாவைப் பயன்படுத்தியபின் நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெயிட வேண்டும். வெடிக்கரியில் ஈயம் கலந்திருப்பதால், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவாமல் உணவைத் தொடலாகாது.

தக்காணப் பீடபூமியில் கோடையில் புழுதியும், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரக்காற்றும் மாறி வருகின்றன. புழுதி எண்ணெயுடன் கலந்தால் தேய்ப்புப் பசையாகிறது. எனவே கோடையில் எண்ணெயைக் குறைப்பது நன்று. மழைக்காலத்தில் தோலுறை ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. தோலைப் பதனிட்ட பொருள்களோ எஃகில் துருவையும் பித்தளைக் கூட்டில் பச்சைக் களிம்பையும் உண்டாக்கும். ஆகையால் துப்பாக்கியைத் தோலுறையில் வைத்துப் பூட்டுதல் கூடாது. உலர்ந்த பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பதே முறை. அந்த ஜெல் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தி மீண்டும் உபயோகிக்கலாம். மாகஸின் வில் தோட்டா நிரம்பிக் கிடப்பதால் சோர்வதைக் காட்டிலும், பலமுறை அமுங்கி விரிவதாலேயே மிகுதியும் சோர்கிறது.

சட்டத்தின் எல்லை

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமன்றி, தொழிலாகப் பழுது பார்க்கவும் உரிமம் தேவை. 9 மி.மீ. போன்ற தடை செய்யப்பட்ட அளவுகள் சாதாரணமாகக் குடிமக்களுக்கு வழங்கப்படுவதில்லை; .32 போன்றவையே வழங்கப்படுகின்றன. உரிமதாரர் செய்யக்கூடியது துடைத்தல், எண்ணெயிடல், உற்றுநோக்கல் ஆகியவையே. வில்லை வெட்டுவதும், கொக்கியைத் தேய்ப்பதும், தெருமுனைப் பட்டறையில் கொடுப்பதும் தவறு. உறுப்புகளில் பழுதெனின் உரிமம் பெற்றவரிடமும், அரசுத் துப்பாக்கியாயின் படையின் ஆர்மரரிடமும் ஒப்படைக்க வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

மேற்சொன்ன உந்தக் கணக்கை ஆயுதம் ஏதுமின்றியே ஆசிரியர் விளக்கிக் காட்டலாம். சிறு சக்கர வண்டியொன்றின் மேல், தடத்தில் ஓடும் மரக்கட்டையை வைத்து, அதை மெல்லிய ரப்பர் வளையத்தால் வண்டியின் முன்பக்கத்துடன் பிணைக்க வேண்டும். நூலில் தொங்கும் ஒரு குண்டை ஒரே உயரத்திலிருந்து விட்டுக் கட்டையைப் பின்னோக்கித் தட்ட வேண்டும். வண்டியைக் கையால் பிடித்திருக்கும்போது கட்டை பின்விளிம்பு வரை ஓடுவதையும், வண்டியை விட்டுவிட்டால் கட்டை பாதிவழியில் நின்றுவிடுவதையும் மாணவர் காண்பர். தாக்கிய விசை ஒன்றே, பிடிப்பே வேறு. ரயில் பெட்டிகளின் இணைப்பிலும், பீரங்கியின் பின்னுதைப்பிலும் இவ்விதியே இயங்குகிறது.

கைத்துப்பாக்கியில் மர்மம் ஏதுமில்லை. ஒரு தொகைச் சக்தி உண்டாகிறது. அழுக்கும், துருவும், சோர்ந்த வில்லும், தளர்ந்த கையும் அதில் பங்கு கேட்கின்றன. அவற்றின் பங்கைக் குறைப்பதே பராமரிப்பு. மாதம் ஒருமுறை கால்மணி நேரம் இதற்கு ஒதுக்குபவருடைய துப்பாக்கி, வேண்டாத போது வெடிக்காமலும், வேண்டியபோது தவறாமலும் இருக்கும்.