ஒட்டகம் படுத்த துறை

அலெக்ஸாண்டிரியாவுக்கு முதன்முதலாக என் கப்பல் போனபோது எனக்கு 26 வயது. இயந்திர அறையில் ஆயிலர் வேலை. நான்கு நாள் வெளியே நங்கூரத்தில் கிடந்துவிட்டு உள்ளே போனோம். கரையிறங்கிய அன்று நகரத்துக்கு மேற்கே மெக்ஸ் என்ற பகுதி வழியாக பஸ்ஸில் போனேன். ஜன்னலுக்கு வெளியே வரப்பு கட்டிய பாத்திகள். இளஞ்சிவப்பாக நின்ற தண்ணீர். அதற்கப்பால் உப்பு அம்பாரம். உப்பள ஊரான மரக்காணத்தில் பிறந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் சிவந்தால் உப்பு இறங்கப் போகிறது.

ஊருக்கு வந்ததும் நைனாவிடம் சொன்னேன். ஆயுசெல்லாம் பாத்தி மிதித்தவர் அவர். "அம்பாரத்துக்குக் கீத்து போடுறாங்களாடா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா. அங்க மழை கம்மி."

"குடுத்து வச்சவங்க" என்றார். ஐப்பசியில் ஒரே ராத்திரி மழையில் அம்பாரம் கரைந்து ஓடியதைப் பார்த்தவர் அப்படித்தான் சொல்வார்.

அதற்குப் பிறகு ஆறேழு முறை அந்தத் துறைக்குப் போய்வந்தேன். ஓய்வுபெற்ற பின், அந்த ஊரைப் பற்றியும் என் ஊரைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க இரண்டையும் பிரித்து வைக்க முடியவில்லை.

முதலில் நிலத்தைப் பாருங்கள். அலெக்ஸாண்டிரியாவுக்கு வடக்கே மத்தியதரைக் கடல், தெற்கே மரியூத் ஏரி. நடுவிலுள்ள ஒடுங்கிய தரையில் நகரம். மரக்காணத்துக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கிலும் தெற்கிலும் கழுவெளி என்ற உப்பங்கழி. இரண்டுமே கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் உட்கார்ந்த ஊர்கள்.

கி.மு. 331-இல் அலெக்சாண்டர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் கடலறிவு இருக்கிறது. எகிப்தின் கரையோரத்தில் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. நைல் கொண்டுவரும் வண்டல் கிழக்கே தள்ளப்பட்டுவிடும். நைலுக்கு மேற்கே துறை அமைத்தால் மண் அடைக்காது. எதிரே இருந்த பாரோஸ் தீவையும் கரையையும் ஒரு கல்பாலத்தால் இணைத்தார்கள். அதன் இருபுறமும் இரண்டு துறைகள் உண்டாயின. கி.மு. 280 வாக்கில் அந்தத் தீவில் எழுந்த கலங்கரை விளக்கம் சுமார் 100 மீட்டர் உயரம். பண்டைய உலக அதிசயங்கள் ஏழில் ஒன்று.

அங்கிருந்து வணிகர்கள் நம் கரைக்கு எப்படி வந்தார்கள்? அலெக்ஸாண்டிரியாவில் ஏற்றிய சரக்கு நைல் நதியில் எதிர்நீச்சலாகக் காப்டோஸ் என்ற ஊர் வரை போகும். அங்கிருந்து ஒட்டகத்தின் முதுகில் பாலைவனம் கடந்து, செங்கடல் கரையிலிருந்த பெரெனிகே துறைக்கு 12 நாள் பயணம். பிறகு தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து நம் மேற்குக் கரையிலிருந்த முசிறி. மியோஸ் ஹோர்மோஸ் என்ற இன்னொரு செங்கடல் துறையிலிருந்து மட்டும் தன் காலத்தில் 120 கப்பல்கள் இந்தியாவுக்குக் கிளம்பின என்று கிரேக்க நிலவியலாளர் ஸ்டிராபோ எழுதியிருக்கிறார்.

பெரெனிகேயைத் தோண்டியபோது இந்தியச் சால் ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. 'கொற்றபூமான்' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த ஓட்டுத் துண்டும் கிடைத்தது. கொற்றன் என்ற தலைவனின் சரக்கு அந்த மணல் வரை போயிருக்கிறது. வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் கடன் ஒப்பந்தம், 'ஹெர்மாபொல்லோன்' என்ற கப்பலில் முசிறியிலிருந்து வந்த சடாமாஞ்சியையும் தந்தத்தையும் கணக்கு காட்டுகிறது. அந்தச் சரக்கு அலெக்ஸாண்டிரியாவின் சுங்கக் கிடங்கில் இறங்கியதும் நாலில் ஒரு பங்கு வரியாகப் போய்விடும். இருபத்தைந்து சதவீதம் வரி கட்டியும் லாபம் நின்றது என்றால், நம் பண்டத்துக்கு அங்கே இருந்த மதிப்பை நினைத்துப் பாருங்கள்.

முசிறியோடு கதை முடியவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடற்பயணக் கையேடு, நம் கீழைக்கரையில் மூன்று துறைகளை வரிசையாகச் சொல்கிறது: கமரா, பொதுகே, சோபட்மா. எகிப்திலிருந்து வரும் சரக்கில் பெரும்பகுதி இந்தப் பக்கம் வந்து சேர்கிறது என்றும் சொல்கிறது. கமரா காவிரிப்பூம்பட்டினம். பொதுகே புதுச்சேரி அருகே அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, இத்தாலிய மட்பாண்டங்களையும் மதுச்சாடிகளையும் வெளியே எடுத்த இடம் அது. வரிசை தெற்கிலிருந்து வடக்கே போகிறது. அரிக்கமேட்டுக்கு வடக்கே 40 கிலோமீட்டரில் எங்கள் ஊர்.

சோபட்மா என்பது தமிழில் சோபட்டினம். 'சோ' என்றாலும் 'எயில்' என்றாலும் மதில். சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள். வேறு இடம் காட்டுவோரும் உண்டு. எனக்கு இதில் சந்தேகமில்லை. ஓய்மா நாட்டு அரசன் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை என்ற சங்கப் பாட்டில் எயிற்பட்டினம் வருகிறது. அவனுடைய 'கிடங்கில்' என்ற ஊர் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. திண்டிவனத்துக்கு நேர் கிழக்கே கடலைத் தொட்டால் மரக்காணம்.

அந்தப் பாட்டில் ஒரு காட்சி. அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனைக் கட்டைகள், ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோலக் கரையில் கிடக்கின்றன. நுளையர் பெண் அதை விறகாக எரிக்கிறாள். கட்டை அகில் என்பார்கள் உரைகாரர்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, எங்கள் கடற்கரைக்கு ஒட்டகம் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. பெரெனிகே பாதையைப் படித்தபோதுதான் மனம் துள்ளியது. அந்தப் புலவர் ஒட்டகத்தை எங்கே பார்த்தாரோ, அது வேறு விஷயம். ஒட்டகம் சுமந்த சரக்கு வந்திறங்கிய கரையில் நின்று அவர் ஒட்டகத்தை நினைத்திருக்கிறார்.

அலெக்ஸாண்டிரியா பிறகு வீழ்ந்தது. நைலின் கிளை தூர்ந்தது. 14-ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் கலங்கரை விளக்கம் சரிந்தது. 1498-இல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த பிறகு மிளகு வேறு வழியில் போனது. பெரிய நகரம் மீனவக் குப்பம்போல ஆனது. 1820-இல் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா நைலிலிருந்து மஹ்மூதியா கால்வாயை வெட்டிக்கொண்டு வந்ததும் மறுபடி எழுந்தது. அந்தக் கால்வாயை வெட்டிச் செத்த உழவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களை மறந்துவிட்டு அந்த ஊரைப் புகழக் கூடாது.

எங்களுக்கும் ஒரு கால்வாய் வந்தது. பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணம். நைனா சிறுவனாக இருந்தபோது உப்பு மூட்டைகள் படகிலேறிச் சென்னைக்குப் போயின. இன்று அது பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. நம் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பாலும் வடக்கே நகரும். முகத்துவாரத்தை அடைக்கும். எகிப்தின் நீரோட்டம் செய்த உதவியை எங்கள் கடல் செய்வதில்லை. மனிதன்தான் தோண்டித் திறந்துவைக்க வேண்டும்.

கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைக்குக் கிடைத்த அந்தக் கவனம் மண்ணுக்கடியில் இருப்பதற்கும் கிடைக்க வேண்டும். பூமீசுவரர் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதற்கு ஆயிரம் வருஷம் முந்தைய ஊர் கீழே கிடக்கிறது. அரிக்கமேட்டைப்போல இங்கேயும் அகலமாக, முறையாகத் தோண்ட வேண்டும். கிணறோ இறால் குட்டையோ வீட்டு அஸ்திவாரமோ வெட்டும்போது கறுப்பு சிவப்பு ஓடோ, கோடு போட்ட ஓடோ, பாசிமணியோ கிடைத்தால் வரப்பில் வீசாதீர்கள். எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்று குறித்துவைத்து தாசில்தார் அலுவலகத்தில் சொல்லுங்கள்.